முதல் வகுப்பறையைப் பாருங்கள்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டம் நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொங்கல் முடிந்த கையோடு ஊரெங்கும் பள்ளிக்கூட விளம்பரத் தட்டிகள் எழுந்துவிட்டன. ஆட்டோவின் முதுகிலும் பேருந்து நிழற்குடையிலும் ‘அட்மிஷன் ஓப்பன்’ என்று எழுதியிருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் துண்டறிக்கையோடு வீடு வீடாக வந்து பிள்ளைகளைக் கேட்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மாதங்களில் வேறு பேச்சே இருக்காது. ‘ஸ்டேட் போர்டா, சி.பி.எஸ்.இ.யா? இங்கிலீஷ் மீடியமா, தமிழ் மீடியமா? வேன் நம்ம தெருவுக்கு வருமா? டொனேஷன் எவ்வளவு? போன வருஷம் ரிசல்ட் என்ன?’ இந்த ஐந்து கேள்விகளுக்குள் பெரும்பாலான வீடுகளில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஐந்துமே தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றில் எதுவுமே, நாளைக்கு அந்தப் பள்ளிக்குள் கால் வைக்கப்போகும் சிறு பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதனால் நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அதன் ஒன்றாம் வகுப்பைப் போய்ப் பாருங்கள்.

ஏன் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம் என்கிறேன்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஒரு தட்டி சொல்கிறது. தேர்வு எழுதியவர்களில் நூறு பேருக்கு நூறு பேர் தேறியிருப்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த எத்தனை பேர் அந்தத் தேர்வு அறை வரை வந்தார்கள் என்பதைத் தட்டி சொல்லாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் ‘உங்க பையனுக்கு இந்த ஸ்கூல் ஒத்துவராது, டி.சி. வாங்கிக்கோங்க’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் நேரில் அறிவேன். அழுதுகொண்டே அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் அவர்கள். மெதுவாகப் படிப்பவர்களை வழியிலேயே இறக்கிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் தேறத்தான் செய்வார்கள்.

மதிப்பெண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலும் இருந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட காலம் ஒன்று இருந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025இல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் முறையும் 2017இல் நிறுத்தப்பட்டது. அரசு நிறுத்திய அந்த வரிசையை நம் மனம் இன்னும் நிறுத்தவில்லை.

அடுத்து போர்டு. ‘மெட்ரிக் பாடம் தனி, கவர்ன்மென்ட் பாடம் தனி’ என்று நம்பும் பெற்றோர் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, சமச்சீர் கல்வி வந்தது. அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் பாடத்திட்டம் ஒன்று. பொதுத்தேர்வு வினாத்தாளும் ஒன்று. பெயர்ப்பலகையில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது. பாடம் உயர்ந்தது என்று எண்ணி அந்தப் பெயருக்காக நீங்கள் கூடுதல் பணம் கட்டுவதாக இருந்தால், இதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். சி.பி.எஸ்.இ. என்று சொல்லும் பள்ளியானால், இணைப்பு எண்ணைக் கேளுங்கள். ‘சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்’ என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. இணைப்புப் பெற்ற பள்ளி, ஆசிரியர் விவரம், கட்டண விவரம், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது அந்த வாரியத்தின் விதி.

தனியார் பள்ளியில் சேர்த்தாலே பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் பேச வேண்டும். இதை அழகாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், தெலங்கானா பிரிவதற்கு முன்பிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் அதைச் செய்தார்கள். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்ப விரும்பிய ஏழைப் பெற்றோரிடம் விண்ணப்பம் வாங்கி, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு விழுந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. விழாத பிள்ளைகள் இருந்த இடத்திலேயே படித்தார்கள். குடும்பமும் ஆசையும் ஒரே மாதிரி. பள்ளி மட்டும் வேறு. இரண்டு ஆண்டு கழித்தும் நான்கு ஆண்டு கழித்தும் இரு சாராருக்கும் தேர்வு வைத்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் அறிவியல், சமூக அறிவியலிலும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகளில் கற்பித்த இந்தியில் மட்டும் அங்கே படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். 2015இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

இதிலிருந்து அரசுப் பள்ளிதான் உசத்தி என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது, அரசுப் பள்ளி செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு அதில் இருக்கும் பாடம் வேறு. தனியார் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாக நாம் வெளியிலிருந்து பார்ப்பதில் பெரும்பகுதி, அந்த வீடுகளில் இருக்கும் படிப்பும் வசதியும் அக்கறையும் கொடுத்தது. ஆகவே ‘தனியார்’ என்ற சொல்லையோ ‘அரசு’ என்ற சொல்லையோ பார்த்து முடிவெடுக்க முடியாது. குறிப்பிட்ட அந்தப் பள்ளிக்குள், அந்த வகுப்புக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஏன் ஒன்றாம் வகுப்பு?

பத்தாம் வகுப்புப் பிள்ளை தனக்கு நடந்ததை வீட்டில் வந்து சொல்லும். புரியாவிட்டால் டியூஷனுக்குப் போகும், நண்பனைக் கேட்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனக்கு நடப்பது தவறு என்றே தெரியாது. அதற்கு அந்த வகுப்பு டீச்சர்தான் உலகம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, அதன்பின் எல்லாப் பாடத்திலும் பின்தங்கும். ஏனென்றால் மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதாகிறது. அடித்தளம் போடுகிற இடத்தில் ஒரு பள்ளி யாரை நிறுத்தியிருக்கிறது என்பதில்தான் அந்தப் பள்ளியின் குணம் தெரியும். பல பள்ளிகளில் அனுபவமும் சம்பளமும் குறைந்த ஆசிரியையைத்தான் ஒன்றாம் வகுப்புக்கு விடுகிறார்கள். நல்ல பள்ளி, தன்னிடம் இருப்பதிலேயே சிறந்த ஆசிரியையை அங்கே நிறுத்தும்.

சரி, போய் எதைப் பார்ப்பது? வகுப்பு நடக்கும்போது பார்க்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சத்தம். ஊசி விழுந்தால் கேட்கும் ஒன்றாம் வகுப்பைப் பார்த்து ‘எவ்வளவு ஒழுக்கம்!’ என்று மகிழ வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் அங்கே பயம் இருக்கிறது. டீச்சர் மேசையில் பிரம்போ ஸ்கேலோ எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ‘நல்லா நாலு சாத்து சாத்துங்க மிஸ்’ என்று நாமே சொல்லிவிட்டு வந்தால், சட்டம் கொடுத்த காவலை நாமே எடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம், ஒரே அழகு, ஒரு பிழையும் இல்லை என்றால் அத்தனை பேரும் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு மாதிரி வாக்கியம், நடுநடுவே பிழை, பக்கத்தில் டீச்சர் திருத்தி எழுதிக் காட்டியது என்று இருந்தால், அங்கே பிள்ளைகள் தாமாக யோசித்து எழுதுகிறார்கள். முத்து முத்தான கையெழுத்தைவிட இந்தக் கோணல்மாணல் எழுத்து மதிப்பு மிக்கது.

மூன்றாவது, வாசிப்பு. அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கதையைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் ‘என்னம்மா கதை?’ என்று கேளுங்கள். ஏசர் என்ற கல்வி ஆய்வில் 2005இலிருந்து இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறார்கள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, பிறகு இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. ஐந்தாம் வகுப்பு வரை போயும் அந்தக் கதையைப் படிக்க முடியாத பிள்ளைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதியதைப் படிக்க வேண்டும், படித்ததைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் மொழியின் கேள்வியும் வருகிறது. இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் தெரியாததால் வேலைக்கான நேர்காணலில் தலைகுனிந்து திரும்பிய தகப்பன், மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைப்பது நியாயம். ஆனால் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு, தானே இங்கிலீஷில் சரளமாகப் பேச வராத ஆசிரியை, புரியாத மொழியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் இங்கிலீஷும் வராது, கணக்கும் வராது. தொடக்க வகுப்பில் தாய்மொழியில் கற்பிப்பதைக் கூடிய மட்டும் பின்பற்ற வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆகவே மீடியம் எது என்று கேட்பதோடு நிற்காமல், ‘பிள்ளைக்குப் புரியலைன்னா தமிழ்ல சொல்லித் தருவீங்களா? தமிழ் பேசினா ஃபைன் உண்டா?’ என்று கேளுங்கள். தமிழில் பேசியதற்காகப் பிள்ளையிடம் அபராதம் வாங்கும் பள்ளியில் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே அஞ்சும். கேள்வி கேட்காத பிள்ளை எந்த மொழியிலும் படிக்க முடியாது.

நான்காவது, கழிப்பறையும் தண்ணீரும். இதைச் சொல்ல நான் கூச்சப்பட மாட்டேன். காலையில் கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறதா? ஒன்றுக்குப் போக இடம் சரியில்லை, கேட்டால் திட்டுவார்கள் என்று பிள்ளை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறது. சின்ன வகுப்புக் கழிப்பறைக்கு நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, அழைத்துப்போக ஆயா இருக்கிறாரா, அவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

ஐந்தாவது, ஒரு கேள்வி. வகுப்பு ஆசிரியையிடமே கேளுங்கள்: ‘மெதுவாப் படிக்கிற பிள்ளைக்கு நீங்க என்ன செய்வீங்க?’ ‘வீட்ல நீங்கதான் கவனிக்கணும், இல்லைன்னா டியூஷன் வையுங்க’ என்று பதில் வந்தால், அந்தப் பள்ளி ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் ஆன பள்ளி. ‘முதல்ல எந்த எழுத்துல தடுமாறுதுன்னு பார்ப்பேன், தினமும் கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார வைப்பேன்’ என்று அவர் தன் வேலையை விவரித்தால், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். கூடவே, அவர் அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கும் பள்ளியில் கட்டடம் மட்டும்தான் நிலையானது.

வீட்டுப்பாடம் நிறையக் கொடுத்தால் நல்ல பள்ளி என்ற எண்ணமும் வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது. 2020இல் வந்த மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கையும், பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

இனி பாதுகாப்பு. கும்பகோணத்தை நாம் மறக்கலாகாது. 2004 ஜூலை 16 அன்று, மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர். நம் பிள்ளை போகும் வண்டியில் இவை இருக்கின்றனவா என்று ஒரு நாள் உள்ளே ஏறிப் பாருங்கள். பள்ளி அலுவலகத்தில் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அவற்றின் விலையை உயிரால் கொடுத்திருக்கிறோம்.

தூரமும் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. ஏழு மணிக்கே வேனில் ஏறி, ஊரெல்லாம் சுற்றி ஒன்பது மணிக்கு இறங்கும் நான்கு வயதுப் பிள்ளை தூங்கத்தான் செய்யும், படிக்காது. எவ்வளவு பேர் பெற்ற பள்ளியானாலும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.

பணத்தைப் பற்றி. உங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பலத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு இருக்கிறது. அந்தத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டியதற்கு ரசீது கேளுங்கள். நன்கொடை வாங்கிக்கொண்டு சேர்ப்பதும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் கல்வி உரிமைச் சட்டப்படி குற்றம். நன்கொடைக்கு அதைப்போல் பத்து மடங்கு வரையும், தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பு இடங்களில் 25 விழுக்காடு, நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசம். தகுதி இருப்பவர்கள் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். அது யாரும் போடும் பிச்சை இல்லை, உங்கள் பிள்ளையின் உரிமை.

அதற்கு மேல் நம் கைக்கணக்கு. கட்டணம் மட்டும் அல்ல. வேன், சீருடை, புத்தகம், ஆண்டு விழா எல்லாவற்றையும் கூட்டி, ஐந்தாம் வகுப்பு வரை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஜூனிலும் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் கட்ட முடியும் என்றால், அந்தப் பள்ளி உங்கள் வீட்டுக்கு ஏற்றதில்லை. பணக் கவலையில் அப்பாவும் அம்மாவும் தினமும் சண்டையிடும் வீட்டில் எந்தப் பிள்ளையும் படிக்காது. இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறேன். ஒரே வீட்டில் பையனைப் பணம் கட்டும் பள்ளியிலும் பெண்ணை இலவசப் பள்ளியிலும் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். பள்ளி எதுவாகவும் இருக்கட்டும். இருவருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். அண்ணனுக்குத்தான் செலவு என்பதை அந்தப் பெண் எந்தப் பாடத்தையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள்.

அரசுப் பள்ளியைப் பார்க்கப் போகும்போதும் இதே ஐந்தையும் பாருங்கள். அங்கே குறைகள் உண்டு. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. அங்கே போய் ‘ஒன்றாம் வகுப்பை யார் பார்க்கிறார்கள்?’ என்று அவசியம் கேட்க வேண்டும். நிறைகளும் உண்டு. பயிற்சி பெற்று, தகுதித் தேர்வில் தேறிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, பசியோடு வந்த பிள்ளையைப் பாடத்தில் உட்கார வைத்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இலிருந்து கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே உங்களுக்கு நாற்காலி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போய், கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே, காலிப் பணியிடம் ஏன் நிரப்பப்படவில்லை என்று பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்கும் தாய்மார்களால் மாறிய பள்ளிகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

சேர்த்த பிறகு தவறாகப் போய்விட்டால்? மாற்றுங்கள். பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று தினமும் அழுதால், தூக்கத்தில் உளறினால், நோட்டை ஒளித்து வைத்தால், ‘எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்’ என்று தள்ளாதீர்கள். போய் விசாரியுங்கள்; சரியாகவில்லை என்றால் வேறு பள்ளிக்கு மாற்றுங்கள். டி.சி. வரத் தாமதம் ஆனது என்பதற்காகத் தொடக்கக் கல்வியில் எந்த அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. கட்டிய பணத்தைவிடப் பிள்ளையின் ஓராண்டு பெரியது.

கடைசியாக ஒன்று. பள்ளிகள் நாம் கேட்பதைத்தான் காட்டுகின்றன. இத்தனை ஆண்டாக நாம் ‘ரிசல்ட் என்ன?’ என்று கேட்டோம். அவர்கள் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படத்தைத் தட்டியில் போட்டார்கள். ‘பஸ் வருமா?’ என்று கேட்டோம், பஸ் வாங்கினார்கள். இந்த ஆண்டு நீங்கள் ஒவ்வொருவரும் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால், ‘ஒன்றாம் வகுப்பைக் காட்டுங்கள், டீச்சரோடு பேச வேண்டும்’ என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டால், அடுத்த ஆண்டு ஒவ்வொரு தாளாளரும் தலைமையாசிரியரும் தங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஆசிரியையைத் தேடி அந்த வகுப்பில் நிறுத்துவார்கள், அவருக்குச் சம்பளமும் கூட்டிக் கொடுப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் அல்ல, கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் அந்த ஆசிரியை கிடைப்பார். அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்துக் கேளுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.